லண்டன் ஏலத்தில் டேனியல் அச்சுப்படமும் பால்டேயுஸ் நூலும்: கேட்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

தாளடுக்கு (சென்னை)

வணக்கம். லண்டனில் அடுத்த மாதம் நடக்கவிருக்கும் பழைய நூல், அச்சுப்பட ஏலம் ஒன்றின் பட்டியலில் இரண்டு லாட்டுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. சென்னையில் இருந்தபடி இணையம் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

முதல் லாட், தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வெளியிட்ட 'ஓரியன்டல் சீனரி' தொகுதியிலிருந்து பிரிந்து வந்த தஞ்சைப் பெரிய கோயில் படம். பட்டியலில் உள்ள விவரம்: கையால் வண்ணம் தீட்டிய அக்வாடின்ட், 1798, ஓரம் வெட்டப்பட்டது, லேசான பழுப்பு, கண்ணாடிச் சட்டத்தில் உள்ளது, கழற்றிப் பார்க்கப்படவில்லை. எஸ்டிமேட் 600 முதல் 800 பவுண்டு.

இரண்டாவது, பிலிப்புஸ் பால்டேயுஸ் மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றி எழுதிய டச்சு நூல், ஆம்ஸ்டர்டாம், 1672. பிற்காலத் தோல் பைண்டிங், முதுகு மாற்றப்பட்டது, சில படத்தாள்கள் இல்லை, டபிள்யூ.ஏ.எஃப். எஸ்டிமேட் 700 முதல் 1,000 பவுண்டு.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். வந்து சேரும் செலவு உட்பட என் எல்லை 1,200 பவுண்டு; வாங்கி அனுப்ப 150 பவுண்டு ஆகும் என்கிறார்கள். இதற்கு எவ்வளவு வரை கேட்கலாம், கேட்கும் முன் ஏல நிறுவனத்திடம் என்னென்ன விசாரிக்க வேண்டும், சென்னைக்கு வந்தபின் மறுபடி விற்க நினைத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

செப்புத்தகடு

அச்சுப்படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நூலுக்கு இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

"கழற்றிப் பார்க்கப்படவில்லை" என்று போட்டிருக்கிறார்களே, அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. சட்டத்துக்குள் இருக்கும் தாளில் விளிம்பு, பின்பக்கம், நீர்க்குறி (தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் ஆலைக்குறி) மூன்றும் தெரியாது. விலையைத் தீர்மானிப்பவை அந்த மூன்றும்தான். ஏலத்துக்குப் பத்து நாளாவது இருக்கும்போதே நிலை அறிக்கை கேட்டு எழுதுங்கள், சட்டத்தைக் கழற்றிப் பார்த்துச் சொல்லும்படி தெளிவாகக் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கடைசி இரண்டு நாளில் கேட்டால் எல்லோரும் அப்போதுதான் கேட்பார்கள், ஒரு வரிப் பதில்தான் வரும்.

முதலில் அளவு. 'ஓரியன்டல் சீனரி' 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக வந்தது, மொத்தம் 144 படங்கள். பெரிய தாள், படப்பரப்பு மட்டுமே ஏறக்குறைய 45 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம் வரும். 1812 முதல் 1816 வரை அவர்களே சிறிய அளவிலும் ஒரு பதிப்புக் கொண்டுவந்தார்கள். அதன் படங்களும் உண்மையானவைதான், ஆனால் விலை வேறு. இதற்கெல்லாம் கீழே இன்னொரு வகை உண்டு: 1834 முதல் வந்த 'ஓரியன்டல் ஆன்யுவல்' என்ற சிறு நூல்களில், வில்லியம் டேனியல் வரைந்ததைப் பார்த்து வேறு செதுக்காளர்கள் எஃகுத் தகட்டில் செய்த படங்கள். உள்ளங்கை அகலத்தில் இருக்கும். "டேனியலின் மதுரை", "டேனியலின் மாமல்லபுரம்" என்று பின்னாளில் வண்ணம் பூசிச் சட்டமிட்டு விற்கப்படுபவற்றில் இவை நிறைய. பட்டியலில் "டேனியலைப் பின்பற்றி" என்று இருந்தால் இந்த வகையாக இருக்குமோ என்று அளவைப் பாருங்கள். "ஆபி டிராவல் 420" என்று எண் கொடுத்திருந்தால் அது ஜே.ஆர். ஆபியின் பயணப் படநூல் பட்டியலில் பெரிய தொகுதியைக் குறிக்கும் எண். ஆனால் தொகுதியின் எண்ணைப் போட்டுவிட்டு வேறு பதிப்பின் தாளை வைத்துவிடும் தவறும் நடக்கிறது. சென்டிமீட்டர்தான் பொய் சொல்லாது.

அடுத்து, அது அக்வாடின்ட்தானா என்பது. செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் இடுவார்கள். துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள செம்பு மட்டும் அரிக்கப்படும். அதனால் 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒழுங்கற்ற வலைபோலக் கருமையும், அதற்குள் சிறுசிறு வெள்ளைத் தீவுகளும் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூவிதழ்போல வரிசையாக நின்றால் அது ஆஃப்செட். கொஞ்சம் ஏமாற்றக்கூடிய புகைப்பட அச்சு முறைகள் இரண்டு: கொலோடைப்பில் புழுநெளிவுபோல மெல்லிய சுருக்கக் கோலம் வரும், ஃபோட்டோகிராவ்யூரில் பிசின் துகள் உண்மையிலேயே உண்டு, ஆகவே லென்ஸ் மட்டும் போதாது, தாளையும் பார்க்க வேண்டும். அருகே எடுத்த படம் இரண்டு கேளுங்கள்: வானத்தில் ஒன்று, கோபுர நிழலில் ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து.

அக்வாடின்ட் தகடு சீக்கிரம் தேயும். ஒவ்வொரு முறை மை துடைக்கும்போதும் மெல்லிய துகள் தடம் கொஞ்சம் மழுங்கும். முதலில் போவது வானமும் தொலைவில் உள்ள மலையும். கோடுகள் அப்படியே இருக்க, நடுத்தர நிழல்கள் மட்டும் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தால் அது பிந்தி இழுத்த பிரதி. அந்த வெளிறலை மூடக் கனமாக வண்ணம் பூசியிருப்பார்கள். முன்பே இழுத்த நல்ல பிரதியில் அச்சு மையே பாதி வேலையைச் செய்திருக்கும், கைவண்ணம் மேலே மெல்லிசாகத்தான் நிற்கும்.

நீர்க்குறிக்கு வருவோம். இந்தத் தொகுதிக்குப் பயன்பட்டது வலைக்கோடு தெரியாத, வழவழப்பான வாட்மன் தாள். இங்கிலாந்தில் 1794ஆம் ஆண்டு காகித வரிச் சட்டத்துக்குப் பிறகு நீர்க்குறியில் ஆண்டையும் சேர்க்கும் வழக்கம் வந்தது. இது நமக்குப் பெரிய உதவி. படத்தின் அடியில் செதுக்கிய ஆண்டு 1798, நீர்க்குறி 1801 என்றால் அந்தத் தாளில் 1801க்கு முன் அச்சடித்திருக்க முடியாது. அதில் மோசடி ஒன்றும் இல்லை; தகடு பல ஆண்டுகள் கையில் இருந்தது, கேட்பவர்களுக்கு இழுத்துக் கொடுத்தார்கள். ஆனால் நீர்க்குறி 1820க்கு மேல் காட்டினால் நான் முதல் தரத்து விலை கொடுக்க மாட்டேன். நீர்க்குறியே இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். பெரிய தாளில் அது ஓர் ஓரத்தில்தான் விழும், வெட்டிய பக்கத்தோடு போயிருக்கலாம்.

"ஓரம் வெட்டப்பட்டது" என்பதற்குப் பல படிகள் உண்டு. தகட்டுத் தழும்புக்கு (செப்புத் தகட்டின் விளிம்பு தாளில் அழுத்திய தடம்) வெளியே வெட்டியது பரவாயில்லை. தழும்புக்கு உள்ளே, ஆனால் அடியில் உள்ள தலைப்பும் வெளியீட்டு வரியும் (வெளியிட்டவர், ஆண்டு செதுக்கிய வரி) தப்பியிருந்தால் விலை குறையும். எழுத்தே போய்ப் படத்தின் விளிம்புவரை வெட்டியிருந்தால் எஸ்டிமேட்டின் கீழ் எல்லையும் அதிகம்.

பின்பக்கத்தில் கேட்க வேண்டியவை: அட்டையிலோ துணியிலோ முழுக்க ஒட்டியிருக்கிறதா, பச்சை நிறம் உள்ள இடத்துக்கு நேர் பின்னால் பழுப்புக் கறை ஊடுருவியிருக்கிறதா. செம்பிலிருந்து செய்த பச்சை தாளையே மெல்ல அரிக்கும், மரக்கிளைகள் உள்ள இடத்தில் தாள் நொறுங்கும். முன்பக்கத்தில்: சட்ட அட்டையின் அமிலம் விட்ட பழுப்புக் கோடு, அட்டைக்கு அடியில் மறைந்திருந்த வண்ணத்துக்கும் வெளிச்சம் பட்ட வண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம். பழுப்புப் புள்ளியின் மேலோ கிழிசல் ஒட்டின் மேலோ வண்ணம் ஏறி நின்றால் அது பிறகு பூசியது. தாள் சந்தேகப்படும்படி வெண்மையாக இருந்தால் பிளீச் செய்திருக்கலாம்; புற ஊதா விளக்கில் பார்க்கச் சொல்லுங்கள், ஒட்டுகளும் மேல்பூச்சும் தனியாகத் தெரியும்.

---

தாளடுக்கு

மிக்க நன்றி. அறிக்கை கேட்டு இன்றே எழுதுகிறேன். 600 பவுண்டு எஸ்டிமேட் என்றால் 600க்குக் கிடைத்தால் 600 கட்டினால் போதும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். பிரீமியம், வாட் என்று என்னவோ விதிமுறைகளில் போட்டிருக்கிறது.

---

மூன்றாம்தட்டு

போதாது. எஸ்டிமேட்டும் அறையில் தட்டும் ஹேமர் விலையும் பிரீமியம் சேராத கணக்கு. அதன்மேல் வாங்குபவர் பிரீமியம், அதாவது ஏல நிறுவனம் உங்களிடம் வாங்கும் கட்டணம், வரும். லண்டனில் நூல் ஏலங்களில் 20க்கும் 30க்கும் இடைப்பட்ட சதவீதமாக இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பிரீமியத்தின் மேல் 20 சதவீத வாட். பொதுத் தளம் வழியாகக் கேட்டால் தளக் கட்டணம் தனியாக 3 முதல் 5 சதவீதம், அதற்கும் வாட். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் கேட்டால் பலர் இந்தக் கட்டணத்தை விட்டுவிடுகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள்.

பிரீமியம் 25, தளம் 3 என்று வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். ஹேமர் 800 என்றால் பிரீமியம் 200, அதன் வாட் 40, தளக் கட்டணம் 24, அதன் வாட் 4.80. மொத்தம் 1,068.80. ஒவ்வொரு முறையும் இப்படிக் கூட்டத் தேவையில்லை, ஹேமரை 1.336ஆல் பெருக்கினால் போதும்.

இதைத் தலைகீழாகப் போடுங்கள். உங்கள் 1,200இல் அனுப்பும் செலவு 150 போனால் 1,050. அதை 1.336ஆல் வகுத்தால் 785 பவுண்டு சொச்சம். இதுதான் உங்கள் ஹேமர் எல்லை.

ஆனால் 785 என்று கேட்க முடியாது. 500க்கும் 1,000க்கும் இடையே வழக்கமாக 50 பவுண்டுப் படி. 700, 750, 800. நீங்கள் 750 சொல்லும் முறை வந்தால் சரி. எதிராளி 750இல் நின்றுவிட்டால் உங்களுக்கு அடுத்த படி 800, மொத்தம் 1,218.80, எல்லையை 18.80 தாண்டும். அந்த நொடியில் யோசிக்கக் கூடாது. தாண்டுவதா, விடுவதா என்பதை முந்தைய நாளே காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். முன்கூட்டியே கமிஷன் பிட் (உங்கள் சார்பில் நிறுவனமே கேட்க நீங்கள் எழுதிக் கொடுக்கும் உச்சத் தொகை) கொடுப்பதாக இருந்தால் சீக்கிரம் கொடுங்கள். ஒரே தொகையில் இருவர் கொடுத்திருந்தால் முதலில் வந்தவருக்கே போகும். 785 என்று எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலும் கீழே உள்ள படிக்கு இறக்கிவிடுவார்கள்.

நூலுக்கும் படத்துக்கும் வரியில் ஒரு வித்தியாசம் உண்டு. அச்சிட்ட நூல் எதற்கும் பிரிட்டனில் வாட் பூஜ்ய விகிதம். பல நிறுவனங்கள் கட்டிய நூலின் பிரீமியத்துக்கும் வாட் போடுவதில்லை. தனித்தாள் அச்சுப்படத்துக்கு உண்டு. ஆக பால்டேயுஸ் 700க்குத் தட்டப்பட்டால் பிரீமியம் 175, தளம் 21, அதன் வாட் 4.20, மொத்தம் 900.20. லாட் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ சிலுவைக் குறியோ இருந்தால் பட்டியலின் முன்பக்க விளக்கத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து விற்பனைக்கு வந்த பொருள் என்று பொருள்படலாம், அப்போது ஹேமர் விலையின் மேலேயே 5 சதவீத இறக்குமதி வாட் வரும். நீங்கள் பிரிட்டனுக்கு வெளியே அனுப்பச் சொன்னால், ஏற்றுமதிச் சான்று குறித்த நாளுக்குள் கிடைத்தால் வாட்டில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். அதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்காதீர்கள். சான்று தாமதமானால் அந்தப் பணம் போனதுதான்.

பழைய ஏல விலைகளைப் பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை. சில நிறுவனங்கள் ஹேமர் விலையை வெளியிடுகின்றன, சில பிரீமியம் சேர்த்து வெளியிடுகின்றன. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து சராசரி போட்டால் கணக்கு பிசகும்.

பதிவை ஒரு வாரம் முன்பே முடியுங்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, சில இடங்களில் முன்பணம் கேட்பார்கள். ஏலம் முடிந்து பணம் கட்டுவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம்தான் தருவார்கள், பிறகு நாள் கணக்கில் வாடகை ஏறும்.

---

பைண்டர்கத்தி

பால்டேயுஸ் பற்றி.

டபிள்யூ.ஏ.எஃப். என்றால் எல்லாக் குறைகளோடும் விற்கப்படுகிறது, திருப்பித் தர முடியாது என்று பொருள். சாதாரணமாக ஒரு நூலில் பட்டியலில் சொல்லாத பக்கமோ படமோ குறைந்தால் சில வாரத்துக்குள் திருப்பலாம். இந்த எழுத்துகள் அந்த உரிமையை எடுத்துவிடுகின்றன. நிலப்படத் தொகுதிகள், பருவ இதழ்கள், கட்டாக விற்கும் நூல்கள் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் அந்த உரிமை இல்லை. ஆகவே "சில படத்தாள்கள் இல்லை" என்பதில் அந்தச் 'சில' எத்தனை என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொண்டாக வேண்டும்.

இந்த நூலில் படங்கள் இரண்டு விதம். எழுத்தோடு ஒரே பக்கத்தில் அச்சான அரைப்பக்கச் செதுக்குப் படங்கள், தனித்தாளில் அச்சாகி மடித்துச் செருகிய படங்களும் நிலப்படங்களும். ஒருவர் இரண்டையும் சேர்த்து எண்ணுவார், இன்னொருவர் மடிப்புத்தாளை மட்டும் எண்ணுவார். இரண்டு பட்டியல்களில் எண் வேறுபட்டால் ஒன்று குறைப்பிரதி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பக்கத்தோடு சேர்ந்த படம் தொலையாது. தொலைவது மடிப்புத்தாள்தான். நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற ஊர்க் காட்சிகள், இலங்கை நிலப்படம், இவற்றைத்தான் சட்டம் போட்டு விற்க வெட்டுவார்கள்.

சரிபார்க்கும் முறை: நூலகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் இரண்டு மூன்று பிரதிகளைத் திறந்து வையுங்கள். ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். வேகமாக ஸ்கேன் செய்த பிரதிகளில் மடிப்புத்தாளை விரிக்காமல் மடிந்தபடியே எடுத்திருப்பார்கள், அல்லது தாண்டிப் போயிருப்பார்கள். ஒப்பிட்டு எந்தப் பக்கத்துக்கு எதிரே எந்தப் படம் என்று ஒரு வரிசை எழுதுங்கள். அந்த வரிசையை ஏல நிறுவனத்துக்கு அனுப்பி, "இவற்றில் எவை இல்லை?" என்று கேளுங்கள். "நூல் முழுமையா?" என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும்; வரிசையைக் கொடுத்தால் அவர்களால் டிக் அடிக்க முடியும்.

எழுத்துப் பக்கங்களுக்கு ஃபாரக் குறியைப் பாருங்கள்; ஃபாரம் என்பது அச்சிட்டு மடித்துத் தைத்த பக்கக் கட்டு. ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் ஓர் எழுத்து இருக்கும்: ஏ, பி, சி என்று. அக்காலத்து அச்சகங்கள் 23 எழுத்து வரிசையைப் பயன்படுத்தின; ஐக்குப் பின் ஜே வராது, யு, வி இரண்டில் ஒன்றுதான், டபிள்யூவும் வராது. இது தெரியாமல் மூன்று ஃபாரம் குறைகிறது என்று பயந்துவிடுகிறார்கள். பக்க எண்ணில் அச்சுப்பிழை அக்காலத்தில் சர்வசாதாரணம். எண் தாவினால், பக்க அடியில் வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் சொல் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் தாள் போகவில்லை. நூல் மூன்று பகுதிகளாக உள்ளதால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

நமக்கு இதில் தனி ஆர்வம் ஒன்று உண்டு. தமிழ் எழுத்துகளைச் செதுக்கிய தகடுகள் இதில் இருக்கின்றன. பால்டேயுஸ் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார், அங்கே பார்த்த எழுத்தைத் தகட்டில் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தத் தாள்கள் உங்கள் பிரதியில் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஐரோப்பிய வாங்குநர் நிலப்படத்தைத்தான் முதலில் தேடுவார், நாம் இதைத் தேடுவோம். நிலப்படம் போய் எழுத்துத் தகடு இருக்கும் பிரதி நமக்கு நல்ல வாய்ப்பு.

முதுகு மாற்றியது பெரிய குறையில்லை. பழைய தோல் பலகைகள் இருக்க முதுகு மட்டும் புதிது என்றால் கட்டு உறுதியாக இருக்கும். கேட்க வேண்டியது வேறு: பைண்டர் மறுபடி தைத்தபோது ஓரம் வெட்டினாரா, அதில் மேல்தலைப்பு வரியோ மடிப்புப் படத்தின் விளிம்போ அரைபட்டதா, தாள்களைக் கழுவினாரா, ஏதாவது ஒரு தாள் நகல் அச்சா. நகல் தாளை லென்ஸில் எளிதில் பிடிக்கலாம். ஈயஎழுத்து அழுத்திய பள்ளம் தாளின் பின்பக்கத்தில் தடவினால் தெரியும், நகலில் மொழுமொழுவென்று இருக்கும்.

இன்னொன்று நூலகமுத்திரை. முத்திரை இருந்து, "நீக்கப்பட்டது" என்ற முத்திரையும் சேர்ந்திருந்தால் நல்லது. சுரண்டி எடுத்த தடம் இருந்தால் விலகி நில்லுங்கள். 2005இல் யேல் பல்கலைக்கழகத்தின் பெய்னெக்கி நூலகத்தில் தரையில் கிடந்த பிளேடை ஊழியர் பார்த்ததால்தான் ஒரு நிலப்பட வணிகர் பிடிபட்டார்; பல நூலகங்களிலிருந்து 97 நிலப்படங்களை எடுத்ததாக ஒப்புக்கொண்டார். தனித்தாள் நிலப்படம் விற்பனைக்கு வரும்போதெல்லாம், அது எந்த நூலிலிருந்து, எந்த அலமாரியிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டியது வாங்குபவரின் கடமை.

குறைப்பிரதி எடுத்தால் மிச்சமுள்ள படங்களைப் பிரித்து விற்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 350 ஆண்டு கட்டுக்குள் இருந்த தாளை வெட்டினால் பிறகு யாராலும் சேர்க்க முடியாது.

---

கப்பல்சீட்டு

சென்னைக்குக் கொண்டுவருவதும் விற்பதும் பற்றி. நீங்கள் பணம் கட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

1972ஆம் ஆண்டு தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள். கையெழுத்துச் சுவடி, ஆவணம் என்றால் 75 ஆண்டு போதும். சட்டத்தின் 3ஆம் பிரிவு, மத்திய அரசோ அது அங்கீகரித்த அமைப்போ தவிர வேறு யாரும் தொல்பொருளை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையிலான சிறை. பொருள் எந்த நாட்டில் செய்தது என்று இந்த வரையறை கேட்பதில்லை. 1798இல் லண்டனில் அச்சான படம் சென்னைக்குள் வந்துவிட்டால், அதை மறுபடி லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாம் என்று எண்ணாதீர்கள். உள்ளே வரும் வாசல் அகலம், வெளியே போகும் வாசல் கிட்டத்தட்ட மூடியது. என்றாவது வெளிநாட்டில் விற்கும் எண்ணம் துளியேனும் இருந்தால் பொருளை அங்கேயே நம்பகமான இடத்தில் காப்பீட்டோடு வைத்திருப்பதுதான் வழி. சுவரில் மாட்டிப் பார்க்க, வீட்டில் வைத்துப் படிக்க என்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள்.

இந்தியாவுக்குள் உங்கள் சொந்தப் பொருளை ஒருமுறை விற்பது வேறு, தொல்பொருள் வணிகமாகச் செய்வது வேறு. வணிகத்துக்கு 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். ஏல நிறுவனம் வழியாக விற்றால் உரிமம் அவர்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுங்கத்தில் தலைப்பு எண் முக்கியம். அசல் செதுக்கு அச்சுப்படம் 9702. நூறு ஆண்டைத் தாண்டிய நூல் 9706. சாதாரண நூல் 4901. கூரியர் நிறுவனம் ரசீதைப் பார்க்காமல் "அலங்காரப் படம், சட்டத்துடன்" என்று போட்டுவிட்டால் வேறு தலைப்புக்குப் போய் வரியும் தாமதமும் கூடும். ஏல ரசீதில் ஆசிரியர், ஆண்டு, அக்வாடின்ட் என்ற சொல், அளவு எல்லாம் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். தலைப்பு எண்ணையும் அனுப்புபவரிடம் எழுதிக் கொடுங்கள். வரி விகிதங்கள் அடிக்கடி மாறுவதால் பணம் கட்டும் வாரத்தில் ஒரு சுங்க முகவரிடம் அன்றைய விகிதத்தைக் கேளுங்கள். உங்கள் 1,200இல் இந்த வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுதவில்லை. சேரவில்லை என்றால் எல்லையைக் குறையுங்கள்.

பேக்கிங்: கண்ணாடியை எடுத்துவிடச் சொல்லுங்கள், சட்டமும் வேண்டாம். உடைந்த கண்ணாடி தாளைக் கீறினால் காப்பீட்டுப் பணம் அதை ஈடு செய்யாது. தாளை அமிலமற்ற காகிதத்தில் வைத்து, இரு பக்கமும் அதைவிட 5 செ.மீ. பெரிய கெட்டிப் பலகை, தட்டையாக. குழாயில் சுருட்டி அனுப்புவது மலிவு, ஆனால் அட்டையில் ஒட்டிய தாளைச் சுருட்டினால் விரியும்போது வெடிக்கும். ஒட்டாத தாள் என்றால் 15 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள குழாய்.

விற்பவர் பக்கக் கணக்கும் ஒருவரியில்: விற்பனைக் கமிஷன் 10 முதல் 20 சதவீதம், காப்பீடு ஒன்றரை சதவீத அளவில், படமெடுக்கும் கட்டணம், விற்காவிட்டால் சில இடங்களில் அதற்கும் ஒரு கட்டணம், பணம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல். இன்று வாங்கியதை நாளை அதே ஹேமர் விலைக்கு விற்றால் ஏறக்குறைய பாதிப் பணம்தான் திரும்பும்.

---

தாளடுக்கு

அறிக்கை வந்துவிட்டது. சட்டத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். படப்பரப்பு 44 × 59 செ.மீ. தகட்டுத் தழும்புக்கு உள்ளே வெட்டியிருக்கிறது, தலைப்பு முழுதாக உள்ளது, வெளியீட்டு வரியின் கடைசிப் பகுதி மட்டும் போயிருக்கிறது. பழைய அட்டையில் முழுக்க ஒட்டியிருப்பதால் நீர்க்குறி தெரியவில்லை. வானத்தில் திட்டுத்திட்டான வெளிறல், அருகே எடுத்த படத்தில் துகள் வலை தெளிவாக இருக்கிறது. மேல் இடது மூலையில் 3 செ.மீ. கிழிசல், ஒட்டியிருக்கிறார்கள். பால்டேயுஸில் ஐந்து மடிப்புத்தாள்கள் இல்லை. தமிழ் எழுத்துத் தகடுகள் இருக்கின்றன.

---

செப்புத்தகடு

உண்மையான பெரிய பதிப்புத் தாள், அதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டிய அட்டை, வெட்டிய ஓரம், வெளிறிய வானம் மூன்றும் சேர்ந்துவிட்டன. அட்டையிலிருந்து பிரிப்பதைக் காகிதப் பாதுகாப்பாளர்தான் செய்ய வேண்டும். தண்ணீர் பட்டால் கைவண்ணம் ஓடும் ஆபத்து உண்டு, செலவும் படத்தின் விலையில் பெரும் பங்கைத் தின்னும். என் கணக்கில் ஹேமர் 450க்கு மேல் கேட்க வேண்டாம். வெளிறலுக்குக் காரணம் தகட்டுத் தேய்மானமா, வெயிலா என்று ஒரு கேள்வி மட்டும் திரும்ப எழுதுங்கள்: சட்ட அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரப்பட்டையிலும் அதே வெளிறல் இருந்தால் தேய்மானம், அங்கே நீலம் பிரகாசமாக இருந்தால் வெயில்.

---

மூன்றாம்தட்டு

450 என்றால் 601.20, அனுப்பும் செலவோடு 751.20. ரிசர்வ் (விற்பவர் சம்மதிக்கும் குறைந்தபட்ச விலை) கீழ் எஸ்டிமேட்டைத் தாண்டாது, ஆனால் 600 வரை இருக்கலாம். அப்படியானால் 450க்கு அறையில் கிடைக்காது. விற்காமல் போனால் அன்று மாலையே மின்னஞ்சலில் 450 என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் ஏலத்துக்குப் பிறகும் கொடுப்பார்கள். பிரீமியம் அப்போதும் உண்டு, தளக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது.

---

பைண்டர்கத்தி

ஐந்து தாள் குறைந்த பால்டேயுஸை 700க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், எழுத்துத் தகடு இருந்தாலும். எந்த ஐந்து என்று கேட்டுப் போடுங்கள். யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் தப்பியிருந்தால் 500 வரை போகலாம். இரண்டும் போயிருந்தால் முழுப்பிரதி வரும்வரை பொறுங்கள். இந்த நூல் அவ்வப்போது ஏலத்துக்கு வரக்கூடியதுதான்.